மானேஜரின் ஆள்

எங்கள் நாய்க்கு மானேஜர் என்று பேர் வைத்தது என் வீட்டுக்காரர். எங்கள் சலவைக் கடை வாசலில் அது முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, உள்ளே நாங்கள் ஆவியில் வெந்து வேலை பார்ப்பதை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்க்கும். தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. ஆனால் நாங்கள் யாராவது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டால் உடனே தலையைத் தூக்கிப் பார்க்கும். மானேஜர் ஆவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்றார் அவர்.

அந்த மானேஜருக்கே இப்போது சீட்டுக் கிழியும் நிலைமை.

"இன்னொரு தடவை இது சைக்கிள் பின்னாடி ஓடிச்சுன்னா, அப்புறம் இதுக்கு உள்ள அனுமதி கிடையாதும்மா. சொல்லிட்டேன்" என்று வனப்பூங்காக் காவலர் என் மூக்குக்கு நேராக விரலை நீட்டினாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு விசில். யாராவது பூவைத் தொட்டால் ஒரு ஊதல், காகிதத்தைக் கீழே போட்டால் ஒரு ஊதல். அதனால் நான் அவளுக்கு வைத்த பேர் விசில்.

"ஓடினா என்ன, கடிச்சுதா?" என்றேன்.

"கடிச்சா நான் உங்ககூடப் பேசிட்டா இருப்பேன்?"

அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் தெரு முடிந்து ரயில் பாலத்தைத் தாண்டினால் வனப்பூங்கா. உள்ளே நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மேட்டில் ஏறும் ஒற்றையடிப் பாதை, நடப்பவர்களுக்கு. மற்றது அகலமான மண் பாதை, சைக்கிள்காரர்களுக்கும் நாய்க்காரர்களுக்கும். அது பிரிவிலேயே ஒரு பெரிய இறக்கத்தில் இறங்கி, வளைந்து மரங்களுக்குள் மறைந்து, குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பப் பிரிவுக்கே வந்து சேரும். வாசல் பலகையில் ஆயிரத்தெட்டு விதிகள் எழுதியிருக்கும். நாய்க்கு உள்ளது ஒரே விதி. நாய் தன் ஆளுடன் இருக்க வேண்டும். இருந்தால் கட்ட வேண்டாம், அவிழ்த்தே விடலாம்.

மானேஜர் என்னுடன் இருக்கவில்லை. முதல் தடவை அவிழ்த்து விட்டிருந்தபோது ஓடியது, விசில் எச்சரித்தாள். அதன் பிறகு கழுத்து வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் போனேன். இன்று அதையும் உருவிக்கொண்டு ஓடியது. என் உள்ளங்கை இஸ்திரிப் பெட்டியில் பட்டது மாதிரி எரிந்தது.

இந்த முறை அது துரத்திய சைக்கிளில் இருந்தவர் பல் டாக்டர். அவருடைய வெள்ளைக் கோட்டுகளுக்கு வாரா வாரம் கஞ்சி போடுவது நான்தான். உடம்போடு ஒட்டிய பச்சைச் சட்டை போட்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்ததில் முதலில் எனக்கு ஆளே தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அது கடிக்கலம்மா. குரைக்கவும் இல்ல. அப்படிச் செஞ்சிருந்தாகூடப் பரவால்ல."

"பின்ன என்னதான் செஞ்சுது டாக்டர்?"

"என் இடது பக்கமா வந்துச்சு. பக்கத்துலயே கொஞ்ச தூரம் ஓடி வந்துச்சு. அப்புறம் அண்ணாந்து என் மூஞ்சியப் பார்த்துச்சு." அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சும்மா. கடையில துணியப் பிரிச்சுப் பார்த்துட்டு, இது வேணாம்னு தள்ளி வைப்பாங்களே, அந்த மாதிரி."

விசில் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"முதல்ல புகார் சொன்ன பையனும் இதேதான் சொன்னான்" என்றாள் திரும்பி. "ஆனா அதுக்கெல்லாம் விதியில இடம் இல்ல. பயந்து யாராவது விழுந்துட்டா? ஞாயித்துக்கிழமை நான் இந்தப் பிரிவுலதான் நிப்பேன். அன்னைக்கு ஒழுங்கா இருந்தா சரி. இல்லன்னா அதுதான் கடைசி."

திரும்பி வரும் வழியெல்லாம் மானேஜரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அது வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குற்றவாளி மாதிரி இல்லாமல், போன காரியம் நடக்காத ஆள் மாதிரி வந்தது.

பூங்கா இல்லையென்றால் எங்களுக்கு மானேஜரும் இல்லை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கீழே கடை, மேலே இரண்டு அறை, அதுதான் வீடு. ஒரு நாள் ஓடாவிட்டால் அதற்கு உடம்பு தினவெடுக்கும். மழையால் வெளியே போக முடியாத ஒரு வாரத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுக் கையை முழங்கை வரைக்கும் மென்று வைத்தது. அதற்கு மேல் என் வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. தூரத்தில் தோட்டத்தோடு வீடு கட்டியிருக்கிற அவருடைய சித்தப்பா மகன், நாயைத் தனக்குத் தரச் சொல்லி எப்போதோ கேட்டிருந்தார். பூங்காவில் இதை விடாமல் போனால் அங்கேதான் என்று அன்றே பேச்சாகிவிட்டது.

மானேஜர் உண்மையில் என் தம்பியின் நாய். குட்டியாக ஒரு மழையில் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் அவன்தான். கடை திறக்கும் முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூங்காக் காட்டுக்குப் போவான், இது பக்கத்திலேயே ஓடும். இரண்டும் தலை முதல் கால் வரை சேறாகத் திரும்பி வரும். வெளுத்து அடுக்கிய துணிக்கு நடுவில் அந்தக் கோலத்தில் வந்து நின்று, "பசிக்குதுக்கா" என்பான். நான் கத்துவேன் பாருங்கள், எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

போன மழைக்காலத்தில், காட்டின் அந்தப் பெரிய இறக்கத்தில் விழுந்துவிட்டான். ஈரமான மரவேர் தடுக்கியது என்றான். தொடையில் கம்பி வைத்தார்கள். கால் கூடிவிட்டது, தாராளமாக ஓட்டலாம் என்று எலும்பு டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அவன் கடையின் பின்னறையை விட்டு நகரவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பட்டன் வைப்பான், ஜிப் மாற்றுவான், ஓரம் மடித்துத் தைப்பான். கேட்டதற்குப் பதில் சொல்வான், சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். வீட்டில் சேறே இல்லை. தரை பளிச்சென்று இருந்தது. அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாங்களாகவே ஒரு முடிவு செய்துகொண்டோம். யாரும் கூடி உட்கார்ந்து பேசிச் செய்த முடிவு இல்லை, அப்படியே வந்துவிட்டது. அவன் காதில் விழ சைக்கிள் என்று சொல்லக் கூடாது. அவனுடைய வண்டியைக் கடையின் பின்சுவரில், ஆள் வராத துணிகளைத் தொங்கவிடும் கம்பிக்குப் பின்னால் மாட்டி, யாரோ வாங்காமல் விட்டுப்போன பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடினோம். தெருவில் மணி அடித்துக்கொண்டு போனால் நான் சத்தமாக இருமுவேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. ஆனாலும் இந்த ஒரு சொல்லை மாதக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தோம்.

அன்று என்னால் முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததும் வாரைத் தூக்கி மேஜையில் எறிந்தேன்.

"ஊர்ல உள்ள ஒரு சைக்கிள விடமாட்டேங்குது இந்தச் சனியன்" என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னறையில் தையல் மெஷின் நின்றது.

"யார் சைக்கிள?" என்றான் தம்பி உள்ளிருந்து.

சட்டை தீயும் வாசனை வந்தது. என்னங்க, பெட்டி, என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, இனி மூடி என்ன பயன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். விசில் சொன்னது, ஞாயிற்றுக்கிழமைக் கெடு, பல் டாக்டரின் மன வருத்தம் எல்லாம். துணி உதாரணத்தைச் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நடுவிலேயே அறுந்தது.

"எந்தப் பக்கமா ஓடிச்சாம்?" என்று கேட்டான்.

"இடது பக்கமா."

அவன் கதவோரம் வந்து நின்றான். மானேஜர் எழுந்து போய் அவன் காலில் சாய்ந்தது. அவன் அதன் காதைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கு என்னடா பைத்தியமா? நீ இங்கதானே இருக்க. நாள் முழுக்க உன் காலடியிலதானே கிடக்குது. அப்புறம் காட்டுல போய் யாரத் தேடுது?" என்றேன்.

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. பின்னறையில் பட்டன் வைக்கிறவன் ஒருத்தன். காற்றில் சட்டை படபடக்கச் சைக்கிளில் போனவன் வேறு ஒருத்தன். நாய்க்கு அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. போகிற வருகிற சைக்கிளில் எல்லாம் அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருகிறது. நானும் இத்தனை மாதமாக அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரைத் துரத்துவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அக்கா, நான் வேர் தடுக்கி விழல" என்றான் தம்பி.

"பின்ன?"

"முயலோ எதுவோ ஓடிச்சு. மானேஜர் குறுக்க வந்துட்டான். அவன் மேல ஏத்தக் கூடாதுன்னு ஹாண்டில ஒடிச்சேன், விழுந்துட்டேன்."

"இத ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தீய்ந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே இதத் தோட்ட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியும்ல. அதான் சொல்லல."

"அதுக்காக வண்டியத் தொடாமலே இருப்பியா? கால் சரியாயிடுச்சே."

"கால் இல்லக்கா. நான் ஏறினா இவனும் ஓடி வருவான். மறுபடி குறுக்க வந்து, இந்தத் தடவை நான் ஒடிக்க முடியாமப் போச்சுன்னா?" மானேஜரின் காதை விட்டான். பிறகு, "அதுவும் இல்லாம, வீட்ல யாருமே சைக்கிள்னு பேச்செடுக்கல. வண்டியையும் மூடி வச்சுட்டீங்க. சரி, இனிமே நான் ஓட்டக் கூடாதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அவன் மனசு புண்படக் கூடாது என்று நாங்கள் வாயைக் கட்டினோம். எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவன் தன் ஆசையைக் கட்டிப் போட்டான். நடுவில் ஒரு வாயில்லா ஜீவன் மட்டும் நடக்க வேண்டியதைச் செய்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் பின்சுவருக்குப் போனார். ஆள் வராத துணிகளை ஒதுக்கி, பூப்போட்ட விரிப்பை உருவினார். வண்டியைச் சுவரிலிருந்து இறக்கி எங்கள் முன்னால் நிறுத்தினார். ஹாண்டில்பாரில் எங்கள் கடைத் துணிச்சீட்டு ஒன்று பின் குத்தித் தொங்கியது. எல்லாத் துணிக்கும் போடுகிற அதே சீட்டு, அதில் தம்பி என்று எழுதியிருந்தது.

தம்பி வண்டியைத் தொடவில்லை. குனிந்து டயரை மட்டும் கட்டை விரலால் அழுத்தினான். அது கல் மாதிரி இருந்தது.

"காத்து இருக்கே மாமா" என்றான்.

"காத்து இல்லாம சும்மா இருந்தா டயர் விரிசல் விட்டுடும்ல. அப்பப்ப அடிச்சு வச்சேன்" என்றார் அவர். "செயினுக்கும் எண்ணெய் போட்டிருக்கேன். ஆள் வந்து கேட்டா, துணி தயாரா இருக்கணும் இல்லையா?"

எனக்கே தெரியாமல் நடந்த வேலை இது. இந்த மனுஷன் சட்டையைத் தீய்த்ததற்கு அன்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பி பின்சந்தில் ஓட்டிப் பழகினான். அந்த நேரத்தில் மானேஜரை மாடியில் அடைத்து வைத்தோம். அது ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து ஊளையிட்டதில் தெருவே எங்களைத் திட்டியது. இரண்டையும் ஒன்றாக விட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "அங்கயே பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டான். அவன் பயம் இறங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விசில் சொன்ன மாதிரியே பிரிவில் நின்றாள். எங்கள் மூன்று பேரையும், வண்டியையும், நாயையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன, குடும்பத்தோடயே வந்துட்டீங்க?"

"சாட்சிக்கு" என்றேன்.

"வாரக் கட்டித்தானே வச்சுக்கப் போறீங்க?"

"இல்ல மேடம்" என்றான் தம்பி. "கட்டினா இழுக்கும். அவுத்து விட்டாத்தான் பக்கத்துல ஓடும்."

"ஓடலன்னா?"

நான் வாரை அவிழ்த்தேன்.

தம்பி வண்டியில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். முன்னால் அந்த இறக்கம். அடியில் வளைவு, அங்கேதான் விழுந்தான். மானேஜர் அவன் இடது பக்கம் போய் உட்கார்ந்து, அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தது. வால் கூட ஆட்டவில்லை. பார்த்தபடியே இருந்தது.

அவன் நகரவில்லை. ஹாண்டிலைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. வேண்டாம்டா, இறங்கிடு, வீட்டுக்குப் போகலாம் என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாயைத் தோட்ட வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். தம்பி பட்டன் வைத்துக்கொண்டாவது கண்முன்னால் இருப்பான்.

"அக்கா" என்றான் திரும்பாமல்.

"என்னடா?"

"ஏதாவது திட்டேன்."

"என்னது?"

"காலையில நான் கெளம்பும்போது எப்பவும் திட்டுவ. அதக் கேட்டுட்டுத்தான் மிதிப்பேன். இப்ப ஒண்ணுமே சொல்லாம நிக்கிற, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

ஆயுள் முழுக்கத் திட்டியே பழகிய வாய் இது. கேட்டபோது ஒரு சொல் வரவில்லை. என் வீட்டுக்காரர் என் முழங்கையை மெல்ல இடித்தார்.

"வேல வெட்டி இல்லாதவனே" என்று தொடங்கினேன். மூச்சை இழுத்துக்கொண்டேன். "துணி மலை மாதிரி கிடக்கு, நீ இங்க நின்னு வேடிக்கை பார்க்கிறியா? போடா. போய்த் தொலை. சேத்த அப்பிக்கிட்டு வந்தேன்னா வாசல்லயே நிறுத்திடுவேன்."

அவன் மிதித்தான்.

மானேஜர் எழுந்தது. குரைக்கவில்லை, துள்ளவில்லை. அவன் இடது காலை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி, சக்கரத்துக்கும் தனக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓடியது. இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்தது. அதுவும் வேகம் எடுத்தது.

அதே நேரம் பார்த்து எங்கள் பின்னாலிருந்து ஒரு மணிச் சத்தம். பச்சைச் சட்டை. பல் டாக்டர் எங்களைத் தாண்டி இறக்கத்தில் பாய்ந்தார். விசில் தன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் என் வீட்டுக்காரரின் கையை இறுக்கிப் பிடித்தேன். டாக்டர் அவர்களை நெருங்கி, மானேஜரை ஒட்டியே முந்திக்கொண்டு போனார்.

மானேஜரின் ஒரு காது மட்டும் அசைந்தது. தலை திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போன டாக்டர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தம்பியும் நாயும் அவரைக் கடந்து, வளைவில் சாய்ந்து, மரங்களுக்குள் மறைந்தார்கள். விழுந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"இன்னைக்கு என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்கலியேம்மா" என்றார். குரலில் ஒரு குறை இருந்தது.

"உங்கள வேணாம்னு அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு டாக்டர்" என்றாள் விசில்.

பிறகு காத்திருந்தோம். விசில் தன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் வாங்கிக் குடித்தேன். சர்க்கரையே இல்லை. நடைப் பாதையில் வயதான ஒரு தம்பதி கைத்தடியோடு ஏறிப் போனார்கள். குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, பறவைச் சத்தம் வந்தது, அவர்கள் மட்டும் வரவில்லை. என் மனசு கண்டதையும் நினைத்தது.

"வர்றாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மரங்களுக்கு நடுவில் முதலில் தெரிந்தது அவன் சட்டை. காற்றில் படபடத்துக்கொண்டு வந்தது. குளத்தோரச் சேறு முழங்கால் வரைக்கும், முகத்திலும் ஒரு தீற்றல். பக்கத்தில் மானேஜர், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வயிறெல்லாம் சேறு, அதே இடது பக்கம்.

விசில் அவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"விதி என்ன? நாய் அதோட ஆளோட இருக்கணும்" என்றாள். "இருக்குது. அவ்வளவுதான்."

தம்பி எங்கள் முன்னால் பிரேக் பிடித்து நின்றான். மூச்சு வாங்கியது. மானேஜர் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. அவன் செருப்பின் மேல் தலையை வைத்து, நீண்ட வேலை ஒன்றை முடித்த ஆள் மாதிரி, அங்கேயே படுத்துவிட்டது.

நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தவன்தான்.

"பசிக்குதுக்கா" என்றான்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விசிலுக்கு முன்னாலும் பல் டாக்டருக்கு முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். அழுதுகொண்டே, "இந்தக் கோலத்துல கடைக்குள்ள காலை வச்சீங்க, ரெண்டு பேரையும் மெஷின்ல போட்டு அலசிடுவேன்" என்று கத்தினேன்.